மூக்கு காய்ந்த வசந்தம்

மகள் பர்னோவின் மூக்கைத் தொட்டுப் பார்க்காமல் மஸ்தூராவுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. மற்ற அம்மாக்கள் பிள்ளை கண் விழித்ததும் உச்சி முகர்வார்கள். இவள் கட்டைவிரலால் மூக்கு நுனியைத் தடவுவாள். ஈரமாக இருந்தால் பள்ளிக்கூடப் பையில் கைக்குட்டைகள் மடித்து வைக்க வேண்டும், டீச்சரிடம் சொல்லி ஜன்னலோரத்திலிருந்து மாற்றி உட்கார வைக்க வேண்டும். காய்ந்திருந்தால் அன்றைக்கு மஸ்தூரா பாட்டு முனகிக்கொண்டே ரொட்டிக்கு மாவு பிசைவாள். முற்றத்தின் மறுபாதியில் குடியிருந்த ஓரகத்தி இனோபத், “உன் மனசு எப்படி இருக்குனு பாக்க உன் மூஞ்சியப் பாக்க வேணாம்டி, உன் பொண்ணு மூக்கப் பாத்தா போதும்” என்று கேலி செய்வாள்.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை மூக்கில் இல்லை, கன்னத்தில் இருந்தது. அவர்கள் ஊர் இருந்த பெர்கானாப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டால் கைகால் சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டித்தான் போடுவார்கள். மற்றக் குழந்தைகள் கட்டிய கையோடு தூங்கிவிடும். பர்னோவுக்குக் கன்னமெல்லாம் சிவந்து வெடித்து நீர் வடிந்தது. சொறியக் கை இல்லாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி உருட்டி அழுவாள். மஸ்தூரா கட்டை அவிழ்ப்பாள், பிள்ளை ரத்தம் வரச் சொறியும். மறுபடி கட்டுவாள், மறுபடி அழும். இரண்டில் எது குறைந்த பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் வாய்க்கு என்ன பஞ்சம்! வயிற்றில் இருந்தபோது முலாம்பழம் தின்றாயா, காடை முட்டை தின்றாயா, யார் கண் பட்டது என்று ஆளுக்கொரு விசாரணை. பால் கொடுத்த காலம் முழுக்க மஸ்தூரா வெறும் ரொட்டியும் பச்சைத் தேநீருமாகக் கிடந்தாள். கல்யாண வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்கு இளைத்துப்போனாள். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு கன்னம் தானாகவே துடைத்துவிட்டதுபோல் வழவழப்பாகியது. அவள் அழுதுகொண்டே தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள்.

அந்த மிட்டாய் கரைவதற்குள் வேறொன்று வந்தது. முட்டை தின்றால் உதடு வீங்கியது. அதுவும் ஒரு நாள் போனது. பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் மூக்கு ஆரம்பித்தது. ஒரு பொல்லாத குடித்தனக்காரன்போல, ஓர் அறையைக் காலி செய்த அன்றே பக்கத்து அறையில் சாமான் இறக்கியது அந்த நோய். பர்னோ உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தள்ளித் தள்ளித் தேய்த்து, மூக்கின் நடுவில் கோடு போட்டமாதிரி ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம். வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். மூக்கு விடும் சத்தத்தை வைத்துப் பையன்கள் அவளுக்கு, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் பாத்திரத்தின் பெயரான சமாவர் என்று பெயர் வைத்தார்கள். பர்னோவும் சும்மா விடுகிறவள் அல்ல. அந்த வயதில் அவளுக்கு வாய் நீளம். பெயர் வைத்தவனின் பரம்பரையையே ஒரே மூச்சில் இழுத்து வைத்துத் திட்டிவிட்டு, அப்புறம்தான் தும்முவாள்.

“வளர வளரப் போயிடும்மா, பன்னெண்டு வயசு வரட்டும்” என்று உள்ளூர் மருத்துவமனையில் ஒரு டாக்டர் சொன்னார். ஊர்ப் பெண்களும் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்றில் கால் வைப்பதை அங்கே முச்சல் என்பார்கள். அது ஒரு கண்டம். தாண்டிவிட்டால் பிள்ளைப்பருவத்து நோயெல்லாம் பழைய சட்டையோடு கழன்றுவிடும். டாக்டரும் தெருவும் ஒரே விஷயத்தைச் சொல்வது எப்போதாவதுதான் நடக்கும். மஸ்தூரா அந்த வயதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பன்னிரண்டு வரும்வரை ஒவ்வொரு வசந்தத்தையும் கடக்க வேண்டுமே. அங்கே வசந்தம் என்றால் பட்டுப்புழு. மல்பெரி துளிர்த்ததும் வீட்டுக்கொரு பெட்டி புழுமுட்டை அரசாங்கத்திலிருந்து வந்து இறங்கும். வேண்டாம் என்று சொல்வது யாருக்கும் அவ்வளவு சுலபமில்லை. வீட்டிலேயே பெரிய, கதகதப்பான அறை புழுவுக்கு. மனிதர்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒண்டிக்கொள்வார்கள். பர்னோ இரண்டாம் வகுப்பு படித்த வசந்தத்தில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் முகர்ரம் அவளைச் சோதித்துவிட்டு, வீட்டுக்குள் புழு கூடவே கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

மஸ்தூராவின் கணவன் ஹம்தம் ரஷ்யாவில் சமாரா நகரத்தில் கட்டட வேலையில் இருந்தான். தனக்காகப் பேச ஆள் இல்லாமல் இவளே போய் அதிகாரிகளிடம் அழுது பார்த்தாள். பெட்டி குறையவில்லை. கடைசியில் இனோபத்தான், “கொண்டா இங்க, ரெண்டு வீட்டுப் புழுவையும் நானே பாத்துக்கறேன்” என்று தன் பாதியில் வாங்கி வைத்தாள். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசுக்கும் முதுகு வலிக்குமல்லவா? ஒவ்வொரு மே மாதமும் மல்பெரிக் கிளைக் கட்டைத் தலையிலிருந்து தொப்பென்று போட்டுவிட்டு, “ஒரு மூக்குக்காக என் இடுப்பு போச்சு” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு மஸ்தூராவுக்கு முள்ளாகக் குத்தும். கடனாளி மாதிரி ஓரகத்தியின் பாத்திரங்களைத் தானே எடுத்துப்போட்டுத் தேய்ப்பாள்.

அப்படியே முச்சல் வருஷமும் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் டாக்டர் முகர்ரம் மூக்கில் அடிக்கும் புது மருந்து ஒன்றைக் கொடுத்து, இலையுதிர் காலம் வரை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார். கூடவே ஓர் இன்ஹேலரும் கொடுத்து, நெஞ்சு அடைத்தால் மட்டும் என்றார். வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் நெருங்கியது. மற்ற வருஷங்களில் அதற்குள் கைக்குட்டைகள் கொடியில் வரிசையாகத் தொங்கும். இந்த வருஷம் கொடி காலி. மஸ்தூரா காலையில் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மறுநாளும் காய்ந்திருந்தது. அடுப்பில் பாலை வைத்தவள்போலத் தினம் தினம் பார்த்தாள். பொங்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

“போயிடுச்சுடி” என்றாள் இனோபத், பர்னோவின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து. “நான்தான் சொன்னேனே, முச்சல் தாண்டினா ஓடிடும்னு.”

“வாயால சொல்லாதீங்கக்கா, திரும்பி வந்துடப்போகுது.”

“அது ஏன் வருது? வர்ற வழிய மறந்திருக்கும்.”

முச்சல் விருந்து தடபுடலாக நடந்தது. அண்டாவில் பிலாவ், தெருவே வந்து தின்றது. பர்னோவுக்கு வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தலைத்துணி. வெள்ளை மாவும் வெள்ளைச் சர்க்கரையும் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். கெட்ட வருஷத்தில் போட்டிருந்த துணிமணியைத் தானம் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம். மஸ்தூரா கொடுத்தாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. துணியைக் கொடுத்துவிட்டு நோயின் சாமான்களை வீட்டில் வைத்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூக்கு மருந்து, மாத்திரை, இன்ஹேலர் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்தாள். பின்பக்கத்து வாய்க்காலில், ஓடுகிற தண்ணீர் கொண்டு போகட்டும் என்று எறிந்தாள். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பர்னோ வெள்ளை உடுப்பில் கதவோரம் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே மஸ்தூரா போய், “இந்த வருஷம் ரெண்டு பெட்டியும் என் வீட்டுக்குத்தான்” என்று ஓரகத்தியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

“ரெண்டா? பைத்தியமாடி உனக்கு?”

“நீங்க இடுப்பைப் பாத்துக்குங்க, நான் புழுவைப் பாத்துக்கறேன்.”

போனில் ஹம்தம், “மொதல்ல டாக்டரை ஒரு வார்த்தை கேட்டியா?” என்றான்.

“நீங்க பர்னோவைப் பாத்தா இப்படிக் கேக்க மாட்டீங்க. மூக்கு சும்மா பாலைவனம் மாதிரிக் காஞ்சு கிடக்கு, பர்னோ அப்பா.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு நல்ல செய்தியைச் சந்தேகப்பட மனசு வராது.

புழு வந்தது. முட்டை பொரித்து, எள் மாதிரி இருந்தது விரல் நீளத்துக்கு வளர்ந்தது. பெரிய அறையில் அடுப்பு கனன்றது. பர்னோவும் கூடவே கிளை ஒடித்தாள், இலை பரப்பினாள், கழிவை வாரினாள். முதல் சில நாள் மஸ்தூராவுக்குப் பயம்தான். காலையில் தொட்டுப் பார்த்தாள், காய்ந்தே இருந்தது. பயம் போனது.

மாறியது வேறொன்று. வாய்க்காலைத் தாவித் தாவிப் போகிற பர்னோ, பலகைப் பாலத்தில் மெதுவாக நடந்து போனாள். கிளைக் கட்டை ஒரே தூக்கில் கொண்டுவராமல் வழியில் இரண்டு இடத்தில் வைத்து எடுத்தாள். வாய் நீளம் என்று பெயரெடுத்தவள், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். கயிறு தாண்டக் கூப்பிட்ட தோழிகளிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு அன்ஸிரத், தெருவில் பாதிக் கல்யாணங்களை முடித்து வைத்தவள். அவள் கண்ணில் இது படாமல் இருக்குமா? “மஸ்தூரா, உன் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா” என்றாள். “எப்படி அடக்கமா அன்னநடை நடக்கறா பாரு! சத்தமா ஒரு பேச்சு உண்டா, ஓட்டம் உண்டா? என் பேத்தியும் இருக்கே, லாரி மாதிரி.”

“அவ சின்னதுல ஆடாத ஆட்டமா அக்கா?”

“வயசு வந்தா தானா வரும். இதான் வளர்ப்பு. இன்னும் அஞ்சாறு வருஷம் போகட்டும், மொத ஆளா நான்தான் உன் வாசல்ல வந்து நிப்பேன்.”

மஸ்தூராவுக்குக் காது குளிர்ந்தது. சீக்குப் பிள்ளையின் தாய் என்றே ஊர் பார்த்த பார்வை மாறிவிட்டது. வளர்ப்பு என்கிறார்கள்! அன்றைக்கு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தடவிச் சிறு சிறு பின்னலாகப் பின்னிவிட்டாள். மகளுக்கு மூச்சு போதாததைத்தான் ஊர் அடக்கம் என்று மெச்சியது, தாயும் அந்த மெச்சுதலில் மயங்கிப்போனாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரவில் பர்னோவுக்கு இருமல் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்திருப்பாள் என்றாள் இனோபத். மஸ்தூரா ஆட்டு வால்கொழுப்பை உருக்கி மகளின் நெஞ்சில் சூடு பறக்கத் தேய்த்தாள். அடுத்த அறையில் புழுக்கள் இலை தின்னும் சத்தம் சடசடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கையின் கீழிருந்த நெஞ்சு விசிலடித்தது அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம். மூக்குதான் காய்ந்திருக்கிறதே.

மே கடைசியில் கூடு பிரிக்கும் நாள் வந்தது. அன்றைக்குக் கூலி கிடையாது, அழைப்பும் கிடையாது. தெருப் பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காய்ந்த செடிக் கட்டுகளில் புழு கட்டிய கூடுகளைப் பிய்த்து, மேலே ஒட்டியிருக்கும் பஞ்சுநூலை உருவி, கூடையில் போட வேண்டும். அறை முழுக்க நூல் தூசி பறந்தது. கூடு நல்ல விளைச்சல். மஸ்தூரா சும்மா ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். இனோபத்தே, “எனக்கு ஒரு வருஷம்கூட இப்படி விளைஞ்சதில்ல, புழு உன்னைத்தான் கல்யாணம் பண்ணிக்கும்போல” என்று சிரித்தாள்.

பர்னோ தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வா கண்ணு” என்றாள் அன்ஸிரத். “எத்தனாவது படிக்கற இப்ப?”

“ஏழு.”

“படிச்சு என்ன ஆகப்போற?”

பர்னோ கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“பாத்தீங்களா வெக்கத்தை!” என்றாள் அன்ஸிரத். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மஸ்தூராவும் சிரித்தாள்.

கெண்டி கீழே விழுந்து உடைந்தது. பர்னோ நிலையோடு சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றினாள். தோள்கள் காதுவரை ஏறின. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

“என்னடி? பர்னோ! சுட்டுக்கிட்டியா?” மஸ்தூரா ஓடிப்போய் முகத்தைப் பிடித்துத் தூக்கினாள். பழக்க தோஷத்தில் கட்டைவிரல் மூக்குக்குத்தான் போனது.

“மூக்கை விடுடி, பாவி! கழுத்தைப் பாரு!” என்று கத்தினாள் இனோபத்.

கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து குழிந்து வந்தது. உதடு நாவல்பழம் தின்றமாதிரி நிறம் மாறிக்கொண்டிருந்தது. மஸ்தூரா எழுந்து உள்ளே ஓடினாள். இன்ஹேலர் என்று ஒன்று இருந்தது, அது எங்கே என்று தேடிப் போய் அலமாரியைத் திறந்தாள். திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு நொடியை அவள் தன் சாவுவரைக்கும் மறக்கப் போவதில்லை.

தெருவில் இருந்த ஒரே வண்டி இனோபத்தின் கணவன் சோபிருடைய வேன். அதில் பட்டுக்கூடு மூட்டைகள் ஏற்றியாகிவிட்டது, கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டியது. இனோபத் அண்ணன் தம்பி கணக்கெல்லாம் பார்க்கவில்லை. மூட்டைகளைத் தானே இழுத்து இழுத்துப் புழுதியில் தள்ளினாள். “ஏறுடி!” என்று மஸ்தூராவையும் பிள்ளையையும் உள்ளே திணித்துத் தானும் ஏறினாள். சோபிர் வண்டியை விரட்டினான். வழி முழுக்க மஸ்தூரா கடவுளிடம் ஒரே ஒரு பேரம்தான் பேசினாள். மூக்கு ஒழுகட்டும், ஆயுள் முழுக்க ஒழுகட்டும், மூச்சை மட்டும் விட்டுவிடு.

மாவட்ட ஆஸ்பத்திரியில் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற மிஷினின் முகமூடியைப் பர்னோவின் முகத்தில் வைத்து, கையில் ஊசியும் போட்டார்கள். வெகு நேரம் கழித்துத் தோள்கள் இறங்கின. உதட்டில் பழைய நிறம் வந்தது. டாக்டர் முகர்ரம் அப்புறம்தான் மஸ்தூரா பக்கம் திரும்பினார்.

“மருந்தெல்லாம் எங்க?”

“வாய்க்கால்ல.”

“என்னது?”

“வாய்க்கால்ல போட்டுட்டேன் டாக்டர். முச்சல் முடிஞ்சுது. மூக்கு காஞ்சிருந்தது.”

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “மூக்கு காஞ்சதே அந்த மருந்தாலதான்மா. இந்தப் பிள்ளைக்கு மொதல்ல தோல்ல இருந்தது, அப்புறம் முட்டை ஒத்துக்கல, அப்புறம் மூக்கு. இப்ப நெஞ்சுக்கு வந்திருக்கு. பிள்ளை வளர வளர இது எடம் மாறும். சில பேருக்குத் தணிஞ்சு போயிடும், இல்லேன்னு சொல்லல. ஆனா எந்த வயசுலனு எனக்கும் தெரியாது, உங்க முச்சலுக்கும் தெரியாது. பன்னெண்டுல போயிடும்னு எங்க ஆளுங்களே வாய் கூசாம சொல்றாங்க, உன்னை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது.” பிறகு படுக்கைப் பக்கம் குனிந்தார். “பர்னோ, எப்பலேருந்து மூச்சு கஷ்டமா இருக்கு?”

“விருந்து அன்னிக்கே... கொஞ்சம் இருந்தது.”

“அம்மாகிட்ட சொல்லலியா?”

பர்னோ கூரையைப் பார்த்தாள். “மூக்கும் நின்னுபோகல. மருந்தைத் தூக்கிப் போட்டப்புறம்... திரும்ப வந்துடுச்சு. அம்மா எழுந்திருக்கறதுக்கு முன்னாடி... நான் போய்ச் சிந்தித் தொடச்சுட்டு வந்து படுத்துப்பேன்.”

மஸ்தூரா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். தான் தினம் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தது மகள் துடைத்து வைத்த மூக்கை என்று புரிந்தபோது, அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“ஆஸ்துமா” என்று டாக்டர் பெயர் சொன்னார். புது இன்ஹேலர்கள் இரண்டு கொடுத்தார். தினமும் ஒன்று, அடைத்தால் மற்றொன்று. தாழ்வாரத்தில் இனோபத் காத்திருந்தாள். பிள்ளை பிழைத்த செய்தி கேட்டுச் சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும், “இங்க பாரு மஸ்தூரா” என்று குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பேரை நம்ம வாசப்படி தாண்டிக் கொண்டாராதே. பொண்ணு. நாளைக்கு யாரு வருவா? சளி, நெஞ்சுச் சளி. அவ்வளவுதான்.”

மஸ்தூரா சரியென்று தலையாட்டினாள். இவ்வளவுக்குப் பிறகுமா என்று கேட்காதீர்கள். மகளுக்கு மூச்சு வந்துவிட்டது. மூச்சு வந்த மறுநிமிஷமே அந்த ஊரில் தாய்க்கு மகளின் கல்யாணக் கவலை வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய அறையைக் கழுவித் துடைத்து மெத்தைகளை வெயிலில் போட்டாள். பர்னோ தினமும் மருந்தை இழுத்தாள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இழுக்க வேண்டும், அது அம்மாவின் உத்தரவு. தாயும் மகளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பர்னோ பழையபடி ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொன்னாள். இப்போது மூச்சுப் போதாமல் இல்லை, கோபத்தில். மஸ்தூராவுக்கு அது தெரிந்தே இருந்தது.

ஆஸ்பத்திரி போய் வந்த பிள்ளையைப் பார்க்கப் பெண்கள் வந்தார்கள். அன்ஸிரத் சூடான சம்சாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். தாழ்வான மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூலையில் பர்னோ தலையணையில் சாய்ந்திருந்தாள்.

“என்னவாம் டாக்டர்?” என்றாள் அன்ஸிரத்.

இனோபத் முந்திக்கொண்டாள். “சளிதான். ஐஸ் தண்ணி குடிச்சிருக்கா, கழுத.”

“அப்படித்தான் இருக்கும். முச்சல்தான் முடிஞ்சுதே, பழைய சீக்கு ஏன் வருது? இல்லையா மஸ்தூரா?”

“ஆமாக்கா” என்றாள் மஸ்தூரா, கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக்கொண்டே. “சும்மா சளி. இப்ப சரியாப்போச்சு.”

“சளி இல்ல.”

பர்னோ எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“பர்னோ, படு” என்றாள் மஸ்தூரா.

“படுக்க மாட்டேன். சளி இல்ல, ஆஸ்துமா, டாக்டர் உன் எதிர்லதான் சொன்னாங்க, நான் ஐஸ் தண்ணி குடிக்கவே இல்ல, நீ என் மருந்தை எல்லாம் தூக்கி வாய்க்கால்ல போட்ட, போடறதுக்கு முன்னாடி எப்படி இருக்குனு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, மூச்சு விடறது நானா நீயா, விருந்துல எல்லாரும் போயிடுச்சு போயிடுச்சுனு கைதட்டினீங்க, நீ அன்னிக்குத்தான் சிரிச்ச, அதைப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்லுவேன், அப்புறம் நடக்க முடியாம நடந்தா அடக்கம்னீங்க, பேச முடியாம இருந்தா வளர்ப்புனீங்க, நான் செத்திருந்தா எவ்வளவு அமைதியான பொண்ணுனு சொல்லி அழுதிருப்பீங்க, இப்பவும் கதவைச் சாத்திட்டு மருந்து இழுக்கணுமாம், நான் என்ன திருடியா!”

சம்சாவைக் கையில் எடுத்த ஒருத்தி அதை வாய்க்கும் கொண்டுபோகாமல் துணியிலும் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்ஸிரத்தான் முதலில் வாய் திறந்தாள். “அம்மாடி, என்ன பேச்சு பேசறா! பெரியவங்க இருக்கற எடத்துல...”

மஸ்தூராவின் முகம் நெருப்பில் காட்டியதுபோல் எரிந்தது. ஒவ்வொரு சொல்லும் சரியான இடத்தில்தான் பட்டிருந்தது. ஆனால் அவள் காது அந்தச் சொற்களோடு வேறொன்றையும் கேட்டிருந்தது. இவ்வளவு நீளத்துக்கும் பிள்ளை நடுவில் நிற்கவில்லை. நெஞ்சு இழுக்கவில்லை. ஒரே மூச்சு.

“பேசட்டும் விடுங்கக்கா” என்றாள். “அவ சொன்னதுதான் நிஜம். அவளுக்கு ஆஸ்துமா. நான்தான் மருந்தைத் தூக்கிப் போட்டேன். இனிமே எங்க வீட்டுல புழுவும் கிடையாது.”

இனோபத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் வாய்க்காலின் அந்தக் கரைவரை போய்விடும் என்று மஸ்தூராவுக்குத் தெரியும். அவள் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போய் மகளின் எதிரில் உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“இன்னும் ஏதாவது இருக்காடி?”

“இருக்கு” என்றாள் பர்னோ.

“சொல்லு.”